மலையும் முகாமும் நீதிமன்றமும்: இஸ்ரேலியத் திரைப்படத்தில் யூத அடையாளம்

1. ஆய்வுப் பொருள்

1948-இல் இஸ்ரேல் உருவானபோது அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். பேச்சு, உணவு, வழிபாட்டு முறை எல்லாம் ஆளுக்கொரு விதம். யூத தேசிய இயக்கமான சியோனியம் முன்வைத்த இலட்சிய மனிதனோ எபிரேயம் பேசுபவன், மண்ணை உழுபவன், ஆயுதம் ஏந்துபவன். அந்த உருவத்துக்குள் அடங்காத யூதர்கள் திரையில் எப்படி இடம்பிடித்தார்கள் என்பதே இந்நாட்டுத் திரைப்பட வரலாற்றின் மையம் என்பது என் துணிபு.

2. மலை

தொரால்ட் டிக்கின்சன் இயக்கிய 'ஹில் 24 டஸன்ட் ஆன்சர்' (1955) பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகிறது. 1948 போரில், போர்நிறுத்தத்துக்கு முன், ஜெருசலேம் அருகே ஒரு குன்றைப் பிடிக்க நால்வர் போகிறார்கள். அயர்லாந்துக்காரர், அமெரிக்க யூதர், அம்மண்ணிலேயே பிறந்த வீரர் ஆகிய மூவருக்கும் விரிவான முன்கதை உண்டு. நான்காமவளான கீழைநாட்டு (மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வழிவந்த) யூதப் பெண்ணுக்கு அது இல்லை. நால்வரும் மடிந்தபின் குன்று இஸ்ரேலுக்கு உரியது என்று தீர்ப்பாவது அவள் கையில் இருந்த கொடியால்தான். தேசம் அவளிடமிருந்து உயிரைப் பெற்றுக்கொண்டது, வாழ்க்கையைக் கேட்கவில்லை.

3. முகாம்

ஹங்கேரியில் பிறந்த எஃப்ரைம் கிஷோனின் 'சல்லாஹ் ஷபாத்தி' (1964), ஆஸ்கர் பரிந்துரை பெற்ற நகைச்சுவைப் படம். கீழைநாட்டிலிருந்து வந்த சல்லாஹ், குடும்பத்தோடு தற்காலிகக் குடியேற்ற முகாமில் காத்துக் கிடக்கிறான். அவன் மரம் நடும் வேலைக்குப் போகும் காட்சி முக்கியமானது. வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவர் வந்து தம் பெயர்ப்பலகையைப் பார்த்து நெகிழ்ந்து போகிறார். அவர் போனதும் அதே தோப்பில் அடுத்தவரின் பலகையை ஊன்றுகிறார்கள். கொதித்துப்போன சல்லாஹ் கன்றுகளைப் பிடுங்கி எறிகிறான். தேசியத்தின் புனிதச் சடங்கு ஒன்றை இவ்வளவு துணிவாகத் திறந்துகாட்டிய படம், சல்லாஹைச் சோம்பேறியாகவும் நாகரிகம் அறியாதவனாகவும் காட்டியதை மன்னிக்க முடியாது. திரைப்பட ஆய்வாளர் எல்லா ஷோஹத் 1989-இல் வெளியிட்ட ஆய்வுநூலுக்குப் பிறகு இந்தப் பார்வைக் கோளாறு விரிவாகப் பேசப்பட்டது.

4. நீதிமன்றம்

ரோனித் எல்கபெட்ஸும் ஷ்லோமி எல்கபெட்ஸும் இயக்கிய 'கெட்' (2014) கிட்டத்தட்ட முழுவதும் யூத மதகுருக்களான ரபிகளின் நீதிமன்றத்துக்குள்ளேயே நிகழ்கிறது. இஸ்ரேலிய யூதர்களின் மணமும் மணவிலக்கும் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நீதிமன்றங்களின் கையில். கணவன் மணவிலக்குக்கு இசையாததால் படத்தின் நாயகி விவியான் ஆண்டுக்கணக்கில் அலைகிறாள். எபிரேயம், பிரெஞ்சு, மொராக்கோ அரபி மூன்றும் வாதத்தில் கலக்கின்றன. 'ஹில் 24' படத்தில் முன்கதை மறுக்கப்பட்ட கீழைநாட்டுப் பெண் இங்கே கதையின் உரிமையாளர். அவளை மறிப்பது பகைவன் அல்ல, சொந்த அரசின் சட்டம்.

5. வெளியே நிற்பவர்

யூதர் அல்லாத பாலஸ்தீனர் இந்தத் திரையில் எங்கே நிற்கிறார்கள்? ஆரி ஃபோல்மனின் 'வால்ட்ஸ் வித் பஷீர்' (2008), 1982 லெபனான் போரில் சப்ரா, ஷத்திலா அகதி முகாம்களில் நடந்த படுகொலையை நினைவுகூரும் உயிரோவிய (அனிமேஷன்) படம். அந்த முகாம்களின் நினைவு ஃபோல்மனை ஏன் வதைக்கிறது என்பதற்கு, அவர் பெற்றோர் நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸில் இருந்ததையே நண்பர் காரணமாகக் காட்டுகிறார். இறுதியில் ஓவியம் மறைந்து, கதறும் பாலஸ்தீனப் பெண்களின் உண்மைப் படச்சுருள் வருகிறது. படம் வெளிப்படுத்தும் குற்ற உணர்வு நேர்மையானது. படத்தின் பெரும் வலிமையும் அதுவே. ஆனாலும் நினைவும் விசாரணையும் இஸ்ரேலியரிடமே இருக்கின்றன; பாலஸ்தீனருக்குக் கிடைத்தது அழுகை மட்டுமே. விவியானுக்குக் கிடைத்த வாதிடும் இடம் இந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.