குட் மார்னிங்: ஒரு முகமனின் வரலாறு

தோழர்களே, வகுப்பில் எழுந்து நின்று ராகம் போட்டு நாம் சொன்ன 'குட் மார்னிங்' ஒரு முழு வாக்கியத்தின் மிச்சம். 'கடவுள் உமக்கு நல்ல காலையைத் தரட்டும்' என்று இங்கிலாந்தில் வாழ்த்தினார்கள். நாளடைவில் கடவுள் உதிர்ந்தார், நல்ல காலை மட்டும் நின்றது. பகல் முழுவதற்குமான 'குட் டே'யும் இப்படித்தான். ('குட் பை' வேறு கதை, அங்கே 'காட்' என்பதே 'குட்' ஆகிவிட்டது.)

சொல் இனியதுதான். ஆனால் அது தனியாக வரவில்லை. மேலோர் முன் தொப்பியைக் கழற்றுவதும் காலைப் பின்னிழுத்துக் குனிவதும் கூடவே வந்தன. 17ஆம் நூற்றாண்டில் நெசவாளி மகனான ஜார்ஜ் ஃபாக்ஸ் இவை அனைத்தையும் மறுத்தார். யாருக்கும் காலை வணக்கம் சொல்வதில்லை, குனிவதில்லை, ஏழை பணக்காரர் எல்லாரையும் ஒருமையிலேயே அழைப்பது. இது தனக்குக் கடவுள் இட்ட கட்டளை என்றார். அவர்வழி வந்த குவேக்கர் என்னும் கிறித்தவக் குழுவினர் அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். 1670இல் லண்டன் நீதிமன்றத்தில் தொப்பியோடு நின்றதற்காக வில்லியம் பென்னுக்கு 40 மார்க் அபராதம். கழற்றப்பட்டிருந்த தொப்பியை அவர் தலையில் வைக்கச் சொன்னதே அந்த நீதிமன்றம்தான்!

வணக்கத்தில் யார் குனிவது என்ற வழக்கு நமக்குப் புதிதல்ல. மராட்டியத்தில் மகர்கள் ஆதிக்கச் சாதியார் முன் 'ஜோஹார்' சொல்ல வேண்டியிருந்தது. குவேக்கர்கள் முகமனையே கைவிட்டார்கள். நம்மவர்கள் புதியதொன்றைப் படைத்தார்கள் என்பதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். நாக்பூரை அடுத்த காம்ப்டியின் பாபு ஹர்தாஸ் (1904–1939) 'ஜெய் பீம்' முகமனைப் பரப்பினார். அதற்கு மறுமொழியும் 'ஜெய் பீம்'தான்.