சிலிண்டரிலிருந்து கம்ப்ரஸருக்கு

1950களின் நடுவில், அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ராபர்ட் கேஜ் மின்வில்லை ஒரு குறுகிய நாசில் வழியே பாய்ச்சினார். நெருக்குண்ட வில் வெப்பமும் வேகமும் கூடி, உலோகத்தை உருக்கி ஊதித் தள்ளியது. 1957இல் காப்புரிமை கிடைத்தது. கேஸ் கட்டிங் சுடருக்கு மசியாத அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அந்த வில்லுக்கு வழிவிட்டன.

அன்று அந்த வில்லை உமிழ்ந்த பிளாஸ்மா டார்ச்சுக்குத் தீனி போட்டவை ஆர்கான், ஹைட்ரஜன், நைட்ரஜன் சிலிண்டர்கள். கம்ப்ரஸருக்கு அங்கே வேலையில்லை. காரணம், டங்ஸ்டன் எலக்ட்ரோடு. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டால் அது விரைவில் அரித்துப்போகும்.

1960களில் நிலைமை மாறியது. செப்பு எலக்ட்ரோடின் நுனியில் முதலில் ஜிர்கோனியமும், பிறகு ஹாஃப்னியமும் பதிக்கப்பட்டன. ஹாஃப்னியம் 1923இல் கோபன்ஹேகனில் கண்டறியப்பட்ட தனிமம்; அதன் ஆக்ஸைடு உருக 2,700 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வேண்டும். அந்த ஆக்ஸைடுப் படலமே எலக்ட்ரோடைக் காத்தது. விலை கொடுத்து வாங்கிய வாயுவின் இடத்தில், கம்ப்ரஸர் அழுத்தித் தரும் சாதாரணக் காற்று வந்தது.

கூடவே புதிய கவலைகளும் வந்தன. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது. நீரும் கம்ப்ரஸர் எண்ணெயும் டார்ச்சுக்குள் புகுந்தால் எலக்ட்ரோடும் நாசிலும் சீக்கிரம் பாழாகும். அதனால் ஃபில்டரும் டிரையரும் கம்ப்ரஸரோடு சேர்ந்தே வாங்க வேண்டியவை ஆயின.

கம்ப்ரஸர் மோட்டாரின் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்குவதும் போதவில்லை. டார்ச் கேட்கும் அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று இடைவிடாமல் வரும் என்பதே முக்கியமானது. விட்டுவிட்டு வெட்டும் பட்டறைக்குப் பெரிய டேங்க் உள்ள பிஸ்டன் கம்ப்ரஸர் ஈடுகொடுக்கும். நாள் முழுக்க ஓடும் சிஎன்சி வெட்டு மேசைக்கு, 1930களில் சுவீடனில் ஆல்ஃப் லிஷோல்ம் மேம்படுத்திய ஸ்க்ரூ வகையே பொருந்துகிறது.