மச்சத்தைக் கவனித்த மருத்துவர்

மருத்துவ வரலாற்றில் பெரும்பாலும் பேராசிரியர்களின் பெயர்களே நம் நினைவில் தங்குகின்றன. நோயாளியின் குடும்பத்தை மூன்று தலைமுறையாக அறிந்த ஊர் மருத்துவர் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறார். மெலனோமா எனும் தோல் புற்றுநோயின் வரலாற்றை அத்தகைய ஓர் அடிக்குறிப்பிலிருந்தே நாம் தொடங்கலாம்.

வில்லியம் நோரிஸ், இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் என்னும் ஊரில் பொது மருத்துவம் பார்த்தவர். வயிற்றில் இருந்த மச்சம் கட்டியாக வளர்ந்த 59 வயது மனிதர் ஒருவரைப் பற்றி அவர் 1820இல் எழுதினார். அறுத்தெடுத்த பின்னும் நோய் திரும்பியது, உள்ளுறுப்புகளுக்கும் பரவியது. இந்நோயைப் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் ஏற்கெனவே விவரித்திருந்தார். ஆயினும் நோரிஸின் பார்வை கட்டியோடு நிற்கவில்லை. இறந்தவரின் தந்தையும் இதே போன்ற நோயால் மாண்டவர் என்பதையும், பிள்ளைகளின் உடலிலும் மச்சங்கள் மிகுதி என்பதையும் குறித்து, இது பரம்பரையாக வரக்கூடும் என்றார். 1857இல் எட்டு நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார். பிணவறையில் இருப்பவருக்குக் கட்டி தெரியும். தந்தையையும் பிள்ளைகளையும் சேர்த்துக் காண்பது குடும்ப மருத்துவருக்கே வாய்ப்பது.

வெயிலின் பங்கு துலங்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஐரோப்பிய வம்சாவளியினரிடையே நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மெலனோமா மரணங்கள் பெருகுவதை 1956இல் ஆஸ்திரேலியரான லங்காஸ்டர் காட்டினார். கட்டியின் தடிப்பே நோயாளியின் விதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது என 1970இல் பிரெஸ்லோ நிறுவினார். மெல்லியதாக இருக்கையில் கண்டுபிடித்தால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை. சட்டை, களிம்பு, தொப்பி என மூன்றையும் வலியுறுத்தும் பிரச்சாரம் 1981இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. குயின்ஸ்லாந்தின் நம்போரில் 1,621 பேரிடம் 1992 முதல் 1996 வரை ஆய்வு நடந்தது. அது முடிந்து பத்தாண்டுகள் வரை கணக்கிட்டபோது, நாள்தோறும் களிம்பு பூசச் சொல்லப்பட்டவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் மெலனோமா வந்திருந்தது.

தடுப்புக்குச் சான்று கிடைத்தது. முன்கூட்டிக் கண்டறிதலின் கதை அவ்வளவு எளிதாக அமையவில்லை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 2003-04இல் குடும்ப மருத்துவர்களுக்குப் பயிற்சியளித்து, 3,60,000க்கும் மேற்பட்டோரின் தோலைச் சோதித்தார்கள். சில ஆண்டுகளில் மெலனோமா மரணங்கள் ஏறக்குறைய பாதியாயின. 2008இல் நாடு முழுவதும் 35 வயது கடந்தோர்க்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனை அறிமுகமாயிற்று. ஆனால் நாட்டின் மரண விகிதம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அம்மாநிலத்திலும் பழைய அளவுக்கே திரும்பியது. அறிகுறியில்லாத எல்லோரையும் சோதிப்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2023இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு கூறியது.

இதனால் மருத்துவரின் கண்ணுக்கு மதிப்பில்லை என்றாகாது. வரிசையில் நிறுத்தி எல்லோரையும் பார்ப்பது வேறு. மாறிவரும் மச்சத்தோடு வந்தவரைப் பொறுமையாகப் பார்ப்பது வேறு. கருந்தோலினரிடம் இந்நோய் அரிது. வரும்போது உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும், வெயிலுக்குத் தொடர்பின்றி வருகிறது. ஆகவே தாமதமாகவே தெரிகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்த மெலனோமா 1977இல் கண்டறியப்பட்டது. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார். நம் போன்றோர் மருத்துவரிடம் செருப்பைக் கழற்றி உள்ளங்காலையும் காட்டவேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி.