உடல் புதிது, உயிர் பழைது

கார் என்றால் நம் முன்னோர்க்கு மழைமேகம்; நமக்கோ புகை கக்கி ஓடும் ஊர்தி. அவ்வூர்திகளுள் பழையது எது, புதியது எது என்று கூறுதல் எளிதெனத் தோன்றும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, அல்சூர் ஏரிக்கரையில் பழங்கார் அன்பர் சிலர் தத்தம் வண்டிகளை நிறுத்தியிருந்தனர். அவற்றுள் இரண்டின் முன் நெடுநேரம் நின்றேன். ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மற்றொன்று ஸ்டாண்டர்டு 2000. அருகிலிருந்த ஒருவர் தம் மகளுக்கு, "இது பழசு, அது புதுசு" என்று சுட்டிக்காட்டினார். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

இரண்டும் சென்னையில் பிறந்தவை. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்து 1948இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், நகரின் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை நடத்தியது. ஹெரால்டு கார் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1959இல் வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் மிக்கலாட்டி என்னும் இத்தாலியர். இரண்டே ஆண்டுகளில், 1961இல், அது சென்னையிலும் உருவாகலாயிற்று. 948 சி.சி. பொறிதான், ஆயினும் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையும் அமைப்பு அன்றைய சிறிய கார்களில் அரிது. மூக்குப் பகுதி முழுவதும் முன்புறம் சாய்ந்து திறக்கும். பழுது பார்ப்பவர் சக்கரத்தின்மேல் அமர்ந்தே வேலை செய்யலாம். 25 அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும். நம் பேட்டைத் தெருக்களுக்கென்றே செய்தாற்போன்ற குணம்! கவன்ட்ரியில் இரு கதவுகளோடு நின்ற அவ்வண்டிக்கு நான்கு கதவுகள் வைத்தவர்கள் சென்னையார். பெரிய குடும்பத்தை அறிந்தவர்கள் அல்லரோ!

1972இல் அதன் வழித்தோன்றலாக கெசல் வந்தது. 1977க்குப் பின் சில ஆண்டுகள் அங்கே காரே உருவாகவில்லை. பிறகு 1985இல் வந்தது ஸ்டாண்டர்டு 2000. உடல், 1977ஆம் ஆண்டிற்கான ஐரோப்பாவின் சிறந்த கார் எனத் தேர்வுபெற்ற ரோவருடையது. கூரிய முகம், சரிந்த முதுகு, கண்டவர் மயங்கினர். மூடியைத் திறந்தாலோ, 3,528 சி.சி. கொண்ட ரோவரின் எட்டு உருளைப் பொறி அங்கே இல்லை. இருந்தது நான்கு உருளைகள் கொண்ட 1,991 சி.சி. பொறி. அதன் குலம் 1947இல் அறிமுகமான வான்கார்டு காரினுடையது. அதே குலத்துப் பொறிதான் பெர்குசன் டிராக்டரில் அமர்ந்து உலகெங்கும் வயல் உழுதது.

ஆகவே, 1961இன் ஹெரால்டு ஈராண்டுப் புதுமையைச் சுமந்து வந்தது. 1985இன் கார் ஏறத்தாழ நாற்பதாண்டுப் பழமையைச் சுமந்து வந்தது. கோப்புகளோடு வாழும் எனக்கு இது வியப்பன்று. பழைய கோப்பிற்குப் புதிய உறை போட்டு மேசைக்கு அனுப்புவதை நாள்தோறும் காண்கிறேன்.

நிறுவனத்தை மட்டும் குறைகூறல் நேர்மையாகாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் உரிமக் கட்டுப்பாடும் நிலவிய காலம் அது. கைக்குப் பழகிய பொறியே செலவு குறைந்த வழி. 1984இல் வந்த கான்டெசா காரும் அம்பாசடரின் பொறியையே கடன்வாங்கி ஓடியது. ஆனால் 1983 டிசம்பரில் பிறந்த மாருதி 800, உடலும் பொறியும் ஒருசேரப் புதிதாய் வந்திருந்தது. சிக்கனமாக ஓடும் சிறிய காரைக் கண்டுவிட்ட மக்கள், எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் பெரிய காரை நாடவில்லை.

1988இல் ஸ்டாண்டர்டு 2000 நின்றுபோயிற்று. தொழிற்சாலையில் தேங்கிய ரோவர் உறுப்புகள் பல கப்பலேறி இங்கிலாந்திற்கே திரும்பின. அங்குள்ள ரோவர் அன்பர்கள் அவற்றை வாங்கித் தங்கள் பழைய வண்டிகளுக்குப் பொருத்திக்கொண்டனர்.