ஏடிஏ 40-ஐ தாண்டினால் டிபி தானா?

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால், ஊசி வைத்து எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட்டில் ‘ஏடிஏ’ 40-ஐ தாண்டினால் டிபி சந்தேகம். ஆனால் அந்த எண் கிருமியை அளப்பதில்லை. உங்க உடம்பே தயாரிக்கும் அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியை அளக்கிறது.

363 அமினோ அமிலங்களால் ஆன ஒற்றைச் சங்கிலி, அதற்குள் ஒரு துத்தநாக அயனி. அடினோசினை இனோசினாக மாற்றுவதுதான் இதன் வேலை. சாதாரணமா தெரியுதா? இது இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு, மாற்றப்படாத கழிவு சேர்ந்து லிம்போசைட் அணுக்களைக் கொன்றுவிடும். சின்னத் தொற்றுகூட உயிரை எடுக்கலாம். 1990-ல் அமெரிக்காவில் அரசு அனுமதியோடு முதல் மரபணு சிகிச்சை பெற்றதும் இந்தக் குறைபாடுள்ள 4 வயதுச் சிறுமிதான்.

டிபி நீரில் கூடுவது பெரும்பாலும் ஏடிஏ2. மேக்ரோஃபேஜ் போன்ற அணுக்கள் சுரக்கும் இன்னொரு வடிவம் அது. வழக்கமான டெஸ்ட் இரண்டையும் பிரிக்காது. அதனால் சீழ், லிம்போமா, முடக்குவாதம் இருந்தாலும் எண் ஏறும். ரத்தத்தில் ஏடிஏ பார்த்து டிபி என்று சொன்னால், அதை நம்பிவிட முடியாது.

சிபிநாட் நெகட்டிவ் வந்தாலும் நிம்மதியாகிட முடியாது. இந்த நீரில் கிருமி குறைவாகத்தான் இருக்கும். 6 மாத மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் கேளுங்க: நீரில் லிம்போசைட் அதிகமா, கல்ச்சர் அனுப்பியாச்சா, பயாப்சி தேவைப்படுமா?