கண்ணாடி மாளிகையும் கொற்கைத் துறைமுகமும்

ஓர் ஊருக்குப் பெருமை உயர்ந்த கட்டடம்தான் என்று எதிரணி நண்பர் பேசிவிட்டுப் போனார். சென்னையில கண்ணாடிக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தவருக்குக் கழுத்துவலி. கேட்ட நமக்குத் தலைவலி! (சிரிப்பு)

ஐயா, அந்தக் கட்டடங்களுக்கெல்லாம் தாத்தா எது? மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம். ஊர்ப்பக்கத்துல 'பதினாலு மாடி'ன்னு சொல்லுவாங்க. அதைத் தம் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கட்டத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் இன்சூரன்ஸ் தேசியமயமாச்சு, கம்பெனி எல்.ஐ.சி.யில் கலந்துபோச்சு. 1959-இல் கட்டடத்தைத் திறந்தாங்க. 1975-இல் பெரிய தீ விபத்து. தொடங்கினவர் இல்லை, கம்பெனி இல்லை, தீயும் தின்னு பார்த்தது. ஆனாலும் நிற்குதே, எப்படி? அங்கே வேலை இருந்தது; அதனால பழுது பார்த்தாங்க, நின்னுது! (கைதட்டல்)

வேலை போயிட்டா என்ன ஆகும்? எங்க பக்கத்துக் கொற்கைக்கு வாங்க. பாண்டியரின் துறைமுகம். முத்துக்காகக் கிரேக்கர்கள் 'கொல்கோய்' என்று எழுதி வைத்த ஊர். 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் ஏறத்தாழ கி.மு. 785. நாணயம் அடிக்கும் இடத்துக்கு 'அக்கசாலை' என்று பெயர். அந்தப் பெயர் இன்றைக்கும் அங்கே கோயில் பெயரில் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காலத்து 'மவுண்ட் ரோடு' ஐயா அது!

என்ன ஆச்சு? தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படியப் படிய, கடல் ஆறேழு கிலோமீட்டர் விலகிப் போச்சு. கப்பல் காயலுக்குப் போச்சு. பிறகு தூத்துக்குடிக்குப் போச்சு. மார்கோ போலோ எழுதியது காயலைப் பற்றி; கொற்கையைப் பற்றி இல்லை. இன்றைக்குக் கொற்கையில் அலை இல்லை, வயல்தான்.

கப்பல் போன வழியிலேதான் பிள்ளைகளும் போகுது, ஐயா. சென்னைக்கு வேலைக்குப் போன ஒரு பேரன் லீவுல வந்து, "ஆச்சி, எங்க ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி"ன்னான். ஆச்சி கேட்டா: "அது கெடக்கட்டும்லே. இங்கன பக்கத்துல அந்த வேலை வராதா?"

2024 டிசம்பரில் தூத்துக்குடியிலேயே 'டைடல் நியோ' திறந்தாங்க. எத்தனை மாடின்னு ஆச்சி கேட்கவில்லை. எத்தனை பேருக்கு வேலைன்னுதான் கேட்டா.

நடுவர் அவர்களே, கட்டடம் கிளிஞ்சல். உள்ளே நடக்கிற தொழில்தான் முத்து. தீர்ப்பை ஆச்சி பக்கம் சொல்லுங்க! (கைதட்டல்)