அரை மணி நேர மழையின் வரலாறு

மைசூரின் வரலாற்றை எழுதியவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் மூன்று துயரங்களைச் சொல்லாமல் விடுவதில்லை. முதலாவது 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம். தமிழ்நாடு தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும் அதே பஞ்சம்தான். 1871-இல் சுமார் 50 லட்சமாக இருந்த மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1881-இல் சுமார் 42 லட்சமாகச் சுருங்கியது. அடுத்தது 1897-இல் பழைய மர அரண்மனை எரிந்தது. அதற்கு மறுவருடம் பிளேக் வந்தது. சித்திரையிலும் வைகாசியிலும் பிற்பகலில் திரண்டு, சூறைக்காற்றோடும் சில ஆண்டுகளில் ஆலங்கட்டியோடும் இறங்கும் கோடை இடிமழைக்கு இந்த வரிசையில் இடமில்லை. காரணம் எளிது. பஞ்சம் வருடக்கணக்கில் நீள்கிறது, கோடை மழை அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. மறுநாள் ஓட்டை மாற்றுகிறார்கள், கிளையை வெட்டி அகற்றுகிறார்கள், வாழ்க்கை நடக்கிறது. ஆயினும் மண்டி மொஹல்லா போன்ற பழைய குடியிருப்புகள் இன்னவாறு அமைந்ததில் இந்த அரை மணி நேரத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றும், இன்று அந்த மழை அங்கே தருகிற தொல்லையில் பெரும்பகுதி அந்த அமைப்பு கலைந்ததால் வந்தது என்றும் கருதுகிறேன். அதற்கான ஆதாரங்களையும், எதிராகச் சொல்லத்தக்கவற்றையும் எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் மழை. நாம் அக்னி நட்சத்திரம் என்று அஞ்சும் நாட்கள், சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணியின் முதல் பாதம் வரை நகரும் நாட்கள். கன்னட உழவர்களும் அதே சூரியனை அதே நட்சத்திரங்களில் வைத்தே எண்ணுகிறார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் அவை மழையின் பெயர்கள்: அசுவினி மழை, பரணி மழை, கிருத்திகை மழை, ரோகிணி மழை என்று பதின்மூன்று, பதினான்கு நாளுக்கு ஒன்று. பரணியில் பெய்தால் தரணி விளையும் என்ற பொருளில் அங்கே ஒரு பழமொழியும் உண்டு. சென்னையும் வேலூரும் வெந்துகொண்டிருக்கும் அதே வாரங்களில் மைசூரில் மழை பெய்வதற்குக் காரணம் அதன் இருப்பிடம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கிறது ஊர். ஏப்ரல், மே மாதங்களில் தீபகற்பத்தின் நடுவே வடக்கு தெற்காக ஒரு காற்றுப் பிரிவுக்கோடு அமைகிறது. ஈரக்காற்றும் வறண்ட காற்றும் அங்கே மோதுகின்றன. காலை முழுதும் காய்ந்த நிலம் பிற்பகலில் அந்த ஈரத்தை மேலே தள்ளுகிறது. பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் எழுந்து, குளிர்ந்த காற்றாகவும் நீராகவும் ஒரே மூச்சில் கீழே விழுகிறது. தென்மேற்குப் பருவமழையோ மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு மைசூருக்குத் தூறலாகத்தான் வந்து சேர்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெறும் இந்த ஊரில், மழை உச்சத்தைத் தொடும் மாதங்கள் மேயும் அக்டோபரும். இரண்டுமே இடிமழையின் மாதங்கள்.

இதை ஏட்டில் பதிந்தவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். மைசூர் அரசு 1890-களின் தொடக்கத்திலேயே வானிலைத் துறை ஒன்றை அமைத்தது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் ஜான் குக் அதை நடத்தினார். மைசூரிலும் ஒரு நிலையம் இருந்தது. மழைமானிகள் சமஸ்தானம் முழுதும் பரவின. பஞ்சத்தில் அடிபட்ட அரசு மழையை அளக்கத் துணிந்தது இயல்பானது, பாராட்டத்தக்கதும்கூட. ஆனால் அந்த மானிகள் ஒரு நாளுக்கு ஒருமுறை வாசிக்கப்பட்டவை. ஏரி நிரம்புமா, ராகி முளைக்குமா என்று கேட்பவருக்கு நாள்கணக்கு போதும். தெருவில் நிற்பவருக்குப் போதாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 40 மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேர் பரப்பில் விழுந்தால் அது 400 கன மீட்டர் நீர், அதாவது 4 லட்சம் லிட்டர். இருபத்துநான்கு மணி நேரத்தில் பெய்தால் மண்ணும் கிணறும் குடித்துவிடும். அரை மணி நேரத்தில் பெய்தால் நிமிடத்துக்குப் பதின்மூவாயிரம் லிட்டருக்கு மேல் ஒரே ஹெக்டேரிலிருந்து கிளம்புகிறது. ஏட்டில் இரண்டும் ஒரே எண். கோடை மழை வரலாற்றிலிருந்து நழுவியதற்கு அதன் குறுகிய ஆயுள் பாதிக் காரணம் என்றால், அதை அளந்த முறை மறுபாதிக் காரணம்.

அந்த நீர் எங்கே போயிற்று என்பதுதான் மண்டி மொஹல்லாவின் கதை. திப்பு 1799-இல் வீழ்ந்த பிறகே மைசூர் மீண்டும் தலைநகராகக் கட்டப்பட்டது. கோட்டைக்கு வடக்கே வணிகர்களும் படையைச் சார்ந்தவர்களும் கைவினைஞர்களும் குடியேறி மொஹல்லாக்கள் வளர்ந்தன. காவிரிக்கும் கபினிக்கும் இடைப்பட்ட மேட்டில் அமர்ந்த ஊர் இது. மழை வெள்ளத்துக்கு ஆறு இல்லை, சரிவும் ஏரியும்தான் உண்டு. கோயம்புத்தூர் வட்டாரத்தில் பிறந்து, திப்புவிடமும் பின்னர் உடையார் அரசிலும் பணியாற்றிய திவான் பூர்ணையா, காவிரி நீரை மைசூருக்குக் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். நீர் வந்து சேரவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் நகருக்குள் ஆழமாக வெட்டிய பள்ளம் அப்படியே கிடந்தது. பள்ளம் கிடந்தால் நீர் தேடி வரும். குடிநீருக்காக வெட்டிய வாய்க்கால், எவரும் திட்டமிடாமலே, ஊரின் பெரிய மழைநீர் வடிகாலாயிற்று. பூர்ணையா நாலா என்று பெயர் பெற்ற அந்தப் பள்ளம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூர்க்கப்பட்டது. மண்டி மொஹல்லாவின் மேற்கு ஓரத்தில் இன்று ஓடும் சையாஜி ராவ் சாலை அதன் தடத்தின் மேல் போடப்பட்டது. தசரா ஊர்வலம் போகும் அந்த அகன்ற சாலையில் கோடை மழைக்குப் பின் நீர் தேங்கும்போது, அது தன் பழைய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பூர்ணையா நாலா வெறும் மழைநீர் வாய்க்காலாக இருக்கவில்லை. ஊரின் சாக்கடையெல்லாம் அதில் கலந்தது, கோடையில் அழுகி நாறியது. அதைத் தூர்த்தவர்கள் நகரின் ஆரோக்கியத்துக்காகவே செய்தார்கள். நெருக்கமான தெருக்களில் பிளேக் எப்படி விளையாடியது என்பதை 1898 காட்டிவிட்டது. 1903-இல் இந்தியாவின் முதல் நகர மேம்பாட்டு அறக்கட்டளைகளுள் ஒன்று மைசூரில் உருவானதும் அந்த அச்சத்தில்தான். இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். சாக்கடையை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் நாலா இரண்டு வேலைகள் செய்துகொண்டிருந்தது. ஒன்று கழிவைச் சுமப்பது, மற்றது அரை மணி நேர வெள்ளத்தை வாங்கிக்கொள்வது. முதல் வேலைக்கு மாற்று ஏற்பாடு வந்தது. இரண்டாவதற்குச் சாலையோரக் கால்வாய்களே மிஞ்சின. பிளேக்குக்குப் பின் வந்த திட்டமிடலே இதற்குச் சாட்சி. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று வீடுகளுக்குப் பின்னே துப்புரவுப் பணிக்கான கன்சர்வன்சி சந்துகளை விட்டார்கள். நோய்க்காக விட்ட அந்தச் சந்துகள் மழைக்கும் உதவின. மண்தரையாக இருந்தவரை நீரை உறிஞ்சின, சரிவு காட்டி வெளியேற்றின. பல சந்துகள் பின்னாளில் கட்டடங்களுக்குள் போய்விட்டன. அதைச் செய்தவர்கள் கக்கூஸ் வாளி ஒழிந்த பிறகு அந்த இடம் வீண் என்று நினைத்தார்கள். அது மழைக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை.

கூரைக்கு வருவோம். பழைய மைசூர் வீடு பெரும்பாலும் தொட்டி மனை, நம் கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டின் உறவு. நாலு பக்கச் சரிவும் நடு முற்றத்தை நோக்கி இறங்கும், மழைநீரில் ஒரு பங்கு வீட்டுக்குள்ளேயே விழும். ஆயிரம் வீடுகள் அப்படி இருந்தால் தெருவுக்கு வரும் வெள்ளம் தாமதமாகிறது, குறைகிறது. வீட்டின் முன்னே ஜகலி எனும் திண்ணை. அதன் உயரம் தெருவில் ஓடும் நீர் வாசல் தாண்டாமல் இருக்கவும்தான். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நின்றதால் சூறைக்காற்று கூரையின் அடியில் புகுந்து தூக்க வழி குறைவு. நாட்டு ஓட்டுக்குப் பின் மங்களூர் ஓடு வந்தது. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் பொருள் அது. ஒரு ஓடு இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். கனத்தாலேயே அது சட்டத்தில் அமர்ந்திருக்கிறது. பலத்த காற்றில் இருபது ஓடு போகலாம், கூரை போகாது. உடைந்ததை மறுநாள் ஏணி வைத்து மாற்றலாம். தகரமும் சிமெண்ட் தகடும் வந்தபின் கதை வேறாயிற்று. அவை மலிவு, இலேசு, எளிதில் போடலாம். காற்று ஒரு முனையைப் பிடித்துவிட்டால் முழுத் தகடும் பறக்கும், கீழே போகிறவர் கழுத்துக்கும் ஆபத்து. ஏழைக்கு அதுதான் கட்டுப்படியாகிறது என்பது உண்மை. அதனால்தான் இதை அழகு பற்றிய ஏக்கமாகப் பேச நான் விரும்பவில்லை. ஓட்டு வீட்டில் குடியிருந்தவர் வருடா வருடம் ஓடு மாற்றும் செலவைச் சுமந்தார், சுவர் ஓதம் காத்தது, தேள் இறங்கியது. ஆனாலும் காற்றை எதிர்கொள்ளும் ஒரு விஷயத்தில் அந்தக் கூரை மேலானது. அதை ஒப்புக்கொள்வதால் மற்றக் குறைகள் மறைந்துவிடா.

தொழில்களும் இந்த மழைக்கு ஏற்ப நேரத்தை வகுத்துக்கொண்டவையே. மண்டிக்குப் புளியும் காய்ந்த மிளகாயும் வந்து குவிவது மாசி முதல் சித்திரை வரை. வெல்லமோ ஈரம் பட்டால் கசிந்து உருகும். சரக்கைக் காலையில் இறக்கி, மதியத்துக்குள் மேடைமேல் ஏற்றிவிடுவது இந்தப் பருவத்தின் கட்டாயம். ஊதுபத்தி மைசூரின் புகழ்பெற்ற தொழில்; அதை உருட்டியவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே கூலிக்குச் செய்த பெண்கள். உருட்டிய பச்சைக் குச்சி காயவேண்டும். பிற்பகல் நாலு மணிக்கு இறங்கும் மழை அன்றைய கூலியையே கரைத்துவிடும். சேதப் பட்டியலில் மரமும் மின்கம்பமும் எண்ணப்படுகின்றன. நனைந்த குச்சிகளை யாரும் எண்ணுவதில்லை. இந்த இழப்பு சிறிதென்று தள்ளுவதற்கில்லை. ஒரு கோடையில் பல பிற்பகல்கள் அப்படிப் போகின்றன, போவது அதே குடும்பங்களுக்கு.

மழையே மாறிவிட்டது, பழைய அமைப்பு இருந்தாலும் தாங்காது என்று சொல்பவர்கள் உண்டு. இதைப் புறக்கணிக்க முடியாது. அரபிக்கடல் வெப்பமடைந்து வருகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது ஏந்தக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுகிறது. கொட்டும் மழை இன்னும் கடுமையாகும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் இந்த விளக்கம் முழுச் சுமையையும் தாங்காது. மண்ணும் முற்றமும் சந்தும் இருந்த ஒரு ஹெக்டேர், சிமெண்டால் மூடப்பட்டபின் தெருவுக்கு அனுப்பும் நீர் 7 விழுக்காட்டைவிட மிக அதிகமாகக் கூடுகிறது. கொடிய புயல் பழங்காலத்திலும் வந்திருக்கிறது. 1888 ஏப்ரல் 30 அன்று வட இந்தியாவின் மொராதாபாதில் ஆலங்கட்டி 246 பேரைக் கொன்றது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1999 ஏப்ரல் 14 அன்று பெய்த ஆலங்கட்டியின் காப்பீட்டுச் செலவு மட்டும் 170 கோடி ஆஸ்திரேலிய டாலர். மொராதாபாத் போல் அங்கே உயிர்கள் போகவில்லை, கூரைகளும் கார்களும் போயின. மேகம் ஒன்றே, அடியில் இருப்பது என்ன என்பதைப் பொறுத்துச் சேதம் வேறாகிறது. மைசூரில் 2022 அக்டோபர் மழையில் அரண்மனையைச் சுற்றியுள்ள கோட்டைச் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. சுண்ணாம்பும் மண்ணும் கலந்த பழஞ்சுவர் ஒரே மழையில் விழுவதில்லை. நனைந்தும் காய்ந்தும் பல பருவங்களில் தளர்ந்தே விழும்.

மின்னலைப் பற்றியும் ஒரு சொல். இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களால் நேரும் சாவுகளில் மின்னலுக்கே பெரும் பங்கு. ஆண்டுதோறும் 2,500-க்கு மேற்பட்டோர் அதற்குப் பலியாகிறார்கள். பெரும்பாலோர் வயலிலும் மரத்தடியிலும் இருப்பவர்கள். மண்டி மொஹல்லாவின் நெருக்கமான தெருவில் இந்த ஆபத்து குறைவு. காற்றில் விழும் மரமும் கம்பியுமே அங்கே அஞ்சத்தக்கவை. சாலை அகலமாக்கலில் வேர் வெட்டப்பட்டு, அடியைச் சிமெண்டால் இறுக்கிய மரம் சாய்ந்தால், பழி மரத்தின்மேல் விழுகிறது. அடுத்து நல்ல மரமும் வெட்டப்படுகிறது. இது பெரிய அநியாயம்.

கர்நாடகம் 1988-இல் வறட்சிக் கண்காணிப்பு மையத்தைத் தொடங்கியபோது அதன் கவலை, பெயருக்கேற்ப, மழை வராமையே. 1876-இன் நினைவு நூறாண்டு தாண்டியும் அரசுக்குள் வாழ்ந்தது என்று அதைப் படிக்கலாம். அந்த மையமே பின்னர் மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமாக வளர்ந்து, தானே செய்தி அனுப்பும் மழைமானிகளை மாநிலமெங்கும் நிறுத்தியது. அவை பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குச் சொல்கின்றன. ஜான் குக்கின் மானி ஒரு நாளைக்குச் சொன்னதை இவை கால் மணிக்குச் சொல்கின்றன. கோடை மழையை அதன் உண்மையான அளவில் பார்க்க இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது. மண்டி மொஹல்லாவில், சையாஜி ராவ் சாலைக்கும் அசோகா சாலைக்கும் இடையே எந்தச் சந்தில் எத்தனை கன மீட்டர் நீர் எத்தனை நிமிடத்தில் சேர்கிறது என்று அந்தப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டு, கால்வாயின் அகலத்தை நாள் மழையால் தீர்மானிக்காமல் கால் மணி மழையால் தீர்மானிக்க வேண்டும். கன்சர்வன்சி சந்துகளில் மீட்கக்கூடியவற்றை மாநகராட்சி மீட்பதற்கும் அந்த எண்களே ஆதாரமாக நிற்கும்.